மணலில் ஓடிய விரல்

கி.பி. 403ஆம் ஆண்டளவில் பெத்லகேமிலிருந்து உரோமை நகருக்கு ஒரு மடல் சென்றது. எழுதியவர், திருமறை நூலை இலத்தீன் மொழிக்குப் பெயர்த்தளித்த புனித ஜெரோம். நம் முன்னோர் எரோணிமுஸ் என்று அழைத்த அதே பெரியவர். பெற்றவர் லேத்தா என்னும் இளந்தாய். லேத்தாவின் பெண்குழந்தை பவுலா, தன் பாட்டியின் பெயரையே தாங்கியவள். அந்தப் பாட்டியோ உரோமையின் செல்வத்தைத் துறந்து, பெத்லகேமில் கன்னியர் மடம் அமைத்து வாழ்ந்த புனித பவுலா. இறைவனுக்கென்று நேர்ந்துகொண்ட பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்பதே இளந்தாயின் கேள்வி.

குருமடத்தில் பயின்ற காலத்தில் நாம் அறிந்திருந்த ஜெரோம் சினத்துக்குப் பேர்போனவர். எதிர்த்து எழுதியவர்களை அவர் தமது எழுத்தாணியால் கீறிய கீறல்கள் பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் ஆறவில்லை. ஆனால் இந்த மடலில் பேசுபவர் வேறொருவர். நோன்பையும் செபத்தையும் பற்றி அவர் கடுமையாக அறிவுறுத்தும் பகுதிகள் உண்டு. அவற்றை இக்காலப் பெற்றோர் அப்படியே ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. எழுத்தறிவித்தலைப் பற்றி அவர் சொல்லும் பகுதிதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

குழந்தைக்கு மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து கொடுங்கள் என்கிறார் ஜெரோம். அவள் அவற்றை வைத்து விளையாடட்டும், விளையாட்டே பாடமாகட்டும். எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்வது போதாது. வரிசையைக் கலைத்துப் போட்டு, நடுவெழுத்தைக் கடைசியிலும் கடைசி எழுத்தை நடுவிலும் வைத்து, ஓசையால் மட்டுமன்றிக் கண்ணாலும் அவள் அடையாளம் காண வேண்டும். மெழுகுப் பலகையில் நடுங்கும் கையால் எழுதத் தொடங்கும்போது, பெரியவர் ஒருவரின் கை அவள் கைமேல் இருந்து வழிநடத்தட்டும். அல்லது பலகையிலே எழுத்தைக் குழியாகச் செதுக்கி வையுங்கள், அவள் கை அந்த வரம்புக்குள் ஓடிப் பழகட்டும். நன்றாகச் செய்தால் அந்த வயதுக்குப் பிடித்த சிறு பரிசு கொடுங்கள். கூடப் படிக்கத் தோழியர் இருக்கட்டும். தாமதித்தால் திட்டாதீர்கள். எல்லாவற்றிலும் மேலாக, பாடத்தின்மீது வெறுப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்தில் படிந்த கசப்பு வளர்ந்த பின்னும் போகாது என்று எச்சரிக்கிறார்.

இவற்றில் பலவும் ஜெரோமின் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. முதல் நூற்றாண்டில் உரோமையில் நாவன்மை கற்பித்த குவின்டிலியன் என்னும் ஆசிரியர் தந்த எழுத்துகளையும் செதுக்கிய பலகையையும் பற்றி முன்னரே எழுதியிருந்தார். ஆனால் குவின்டிலியன் நினைத்தது, வளர்ந்து மன்றத்தில் முழங்கப்போகும் ஆண்பிள்ளையை. ஜெரோம் அந்த முறையை ஒரு பெண்குழந்தைக்கு எடுத்துக் கொடுத்தார். மடலின் முடிவில், நகரத்தில் இப்படி வளர்க்க இயலாதென்றால் பிள்ளையைப் பெத்லகேமுக்கு அனுப்பிவிடுங்கள், கிழவனாகிய நான் அவளைத் தோளில் சுமந்து அவளுடைய மழலையைத் திருத்துவேன் என்கிறார். மகா அலெக்சாந்தருக்கு ஆசிரியராயிருந்த அரிஸ்டாட்டிலைவிடத் தமக்கு அதில் பெருமை அதிகம் என்றும் சொல்லிக்கொள்கிறார். பவுலா பிற்காலத்தில் பெத்லகேமுக்குச் சென்று சேர்ந்தாள்.

அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதினார். அதன் முதற்பகுதியில் அவர் எழுப்பும் கேள்வி எளியது. இலத்தீன் மொழி நமக்கு எப்படி வந்தது? செவிலியரின் கொஞ்சலிலும், சிரிப்பிலும், விளையாட்டிலும் வந்தது. கிரேக்கம் ஏன் வரவில்லை? அடித்துக் கற்பித்தார்கள், அதனால் வரவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலுக்கு உள்ள ஆற்றல் அச்சுறுத்தலுக்கு இல்லை என்று அவர் கண்டார். திருச்சபையின் இருபெரும் மறைவல்லுநர்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், ஐரோப்பாவின் பள்ளிகள் அதற்குப் பின் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிரம்பையே நம்பின. நம் பள்ளிகளின் கதையும் வேறல்ல.

இங்கே ஒன்றை இடைப்பிறவரலாகச் சொல்லிவிடலாம். நம் ஆண்டவர் எதையேனும் எழுதினார் என்று நற்செய்திகள் குறிப்பிடும் இடம் ஒன்றே ஒன்று. யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், குற்றஞ்சாட்டப்பட்டு நிறுத்தப்பட்ட பெண்ணின் முன் அவர் குனிந்து, விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்பதைப் பற்றி உரைகாரர்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். எதனால் எழுதினார் என்பதில் ஐயமில்லை: விரலால், மண்ணில்.

மண்ணில் விரலால் எழுதுவது நம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதளவில் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் ஓலையும் எழுத்தாணியும் கிடைத்துவிடாது. தரையில் பரப்பிய மணலே அவனது முதல் ஏடு. ஆசிரியர் எழுதிக் காட்டுவார். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டுவான். ஓட்டும்போதே "ஆனா, ஆவன்னா" என்று உரக்கச் சொல்வான். பின்பு தானே பக்கத்தில் எழுதுவான், கையால் அழிப்பான், மறுபடியும் எழுதுவான். கண், செவி, வாய், விரல் ஆகிய நான்கும் ஒரே எழுத்தின்மேல் ஒரே நேரத்தில் வேலை செய்தன. ஓரளவு தேறிய மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஔவையின் ஆத்திசூடி பொருள் விளங்குமுன்பே நாவில் ஏறிவிடும். பொருள் பிறகு, வாழ்க்கை நடக்க நடக்க, வந்து சேரும்.

திண்ணையைப் பொன்னுலகமாகப் பாடுவதும் சரியாகாது. அங்கே பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கும், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் ஏறமுடியாத உயரத்தில்தான் இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, மாகாணம் முழுவதும் இருந்த பள்ளிகள் 12,498. பயின்றவர்கள் 1,88,650 பேர். அதற்குச் சற்று முந்திய கால ஐரோப்பாவின் பல பகுதிகளோடு ஒப்பிட்டால் இது குறைந்த எண்ணிக்கையன்று என்பதை மன்றோவே 1826இல் ஒப்புக்கொண்டார். அந்த எண்ணிக்கைக்குள் பெண்பிள்ளைகள் எத்தனை சிலர் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது.

செவிவழிக் கல்விக்கு நம் கடற்கரையில் இன்னொரு வரலாறு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழை முழுமையாகக் கற்றவரல்லர். மந்திரங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். சொல்லச் சொல்ல அவர்கள் திரும்பச் சொன்னார்கள். வீட்டிற்குச் சென்ற சிறுவர்கள் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறியாத குடும்பத்தில் பிள்ளையே ஆசிரியனாகும் காட்சியை அவருடைய மடல்களில் காண்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு நூலின் பெயர் 'கார்த்தில்யா'. போர்த்துக்கேய மொழியில் அச்சொல் எழுத்துப் பயிலும் பாலபாடத்தையும் குறிக்கும், மந்திர நூலையும் குறிக்கும். எழுத்தும் செபமும் ஒரே அட்டைக்குள் இருந்த காலம் அது.

மணலில் ஓடிய தமிழ்ப் பிள்ளையின் விரலை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பார்த்தார் என்பதும், அதனால் இங்கிலாந்தின் கல்வி மாறியது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்கு மேற்பார்வையாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட சிறுவர்கள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களில் பலருடைய தாய்மார் இந்நாட்டவர். ஒருநாள் காலையில் குதிரையேறிச் செல்கையில், தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெல் கண்டார். திரும்பி வந்தவர் தம் விடுதியிலும் மணல் பரப்பச் சொன்னார். துணை ஆசிரியர்கள் அதை மதிக்கவில்லை. நடக்காத காரியம் என்றார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. எட்டு வயதளவான ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்து, எழுத்துப் படிக்கும் வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாதது அவனால் முடிந்தது.

பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு இலண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையை நடத்தி, யார் முந்தியவர் என்ற பெருஞ்சண்டையும் நடந்தது. 1811இல் நிறுவப்பட்ட ஆங்கிலிக்கக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

இந்தக் கதையை நம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. நமக்கோ அதில் ஒரு வருத்தமும் உண்டு. இங்கிலாந்துக்குச் சென்று சேர்ந்தது மணலின் சிக்கனமும் சட்டாம்பிள்ளையின் சிக்கனமுமே. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், கட்டளைக்கு ஒரே நேரத்தில் அசையும் விரல்கள். ஆலைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆலை. மலிவான கல்வி என்பதற்காகவே அது புகழப்பட்டது. விரல் ஏன் கற்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர், இந்த வரலாற்றோடு தொடர்பே இல்லாமல் வேறொரு வழியாக வந்த ஓர் இத்தாலியப் பெண்மணி. 1870இல் கியரவாலே என்னும் சிற்றூரில் பிறந்த மரிய மாண்டிசோரி, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநல மருத்துவமனைகளில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்த, மந்தபுத்தி என்று தள்ளப்பட்ட குழந்தைகளை அவர் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று உணர்ந்து, இத்தார், செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். அங்கே ஒரு சிறுமிக்கு எவ்வளவு சொல்லியும் தையல் வரவில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைப் பாய்போல் முடையச் சொன்னார். சில நாள் கழித்து ஊசியைக் கொடுத்தபோது அவளுக்குத் தைக்க வந்தது. செயலைச் செய்யுமுன் அச்செயலுக்குரிய அசைவைக் கை கற்றிருக்க வேண்டும் என்ற உண்மையை அவர் பெற்றது அந்தச் சிறுமியிடமிருந்துதான்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமையின் சான் லொரேன்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்பதே, அக்கட்டடத்தின் உரிமையாளர்கள் இல்லம் திறக்க இணங்கியதற்குக் காரணம். பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் மாண்டிசோரிக்குத் தொடக்கத்தில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரே வந்து கெஞ்சினார்கள். அவர் இணங்கினார். முன்பு மரத்தில் அழகாகச் செய்வித்ததைப் போன்ற எழுத்துகளுக்கு இப்போது வழியில்லை; ஆகவே உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் எழுதும் திசையிலேயே அவற்றின்மேல் விரலை ஓட்டினார்கள், ஓட்டும்போதே அதன் ஒலியைச் சொன்னார்கள். ஜெரோமின் பலகையில் எழுத்து குழியாக இருந்தது. இங்கே சொரசொரப்பாக இருந்தது. விரலுக்கு இரண்டும் ஒன்றே.

அவ்வாண்டு டிசம்பரில், வெயில் காய்ந்த ஒரு நாள், மொட்டைமாடியில் பிள்ளைகள் அவரைச் சூழ விளையாடிக்கொண்டிருந்தனர். ஐந்து வயதளவான ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் ஒரு கணம் நின்றான். பின்பு, "எனக்கு எழுத வருகிறது!" என்று கத்திக்கொண்டு தரையில் 'கை' என்று எழுதினான், 'புகைபோக்கி' என்று எழுதினான், 'கூரை' என்று எழுதினான். அதுவரை அவன் எழுதியதே இல்லை. விரலால் தடவியதோடு சரி. அடுத்த நாட்களில் மற்றப் பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. தரையிலும் கதவிலும் எழுதினார்கள். வீட்டில் ரொட்டியின் மேல்தோலிலும் எழுதினார்கள் என்று தாய்மார் சொன்னார்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே படித்துப் பொருள் உணர அவர்களுக்கு மேலும் சில வாரங்கள் ஆயின. எழுத்து முந்தியது, வாசிப்பு பிந்தியது.

குழந்தையின் சுதந்திரத்தைப் பேசிய இவர் ஆதிப்பாவத்தை மறந்துவிட்டாரோ என்று கத்தோலிக்க அறிஞர் சிலர் ஐயுற்றனர். 1929ஆம் ஆண்டின் இறுதி நாளில் கல்வியைப் பற்றித் திருமடல் வெளியிட்ட திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், மனித இயல்பின் காயத்தைக் கணக்கில் கொள்ளாத கல்விக் கொள்கைகளைக் கண்டித்தபோது, இவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் திருப்பலியைக் குழந்தைகளுக்கு விளக்கி நூல் எழுதியவரும் இவரே. இவருடைய வழியைப் பின்பற்றி 1954இல் உரோமையில் சோஃபியா கவலெத்தி தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' பல நாடுகளின் பங்குகளில் இன்று பயன்பட்டு வருகிறது. ஐயப்பட்டவர்களைவிட அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கொடுங்கோலர்களே என்று நமக்குத் தோன்றும். 1934இல் முசோலினியின் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. இட்லரின் செர்மனியிலும் அதே கதி. தானாக நினைக்கும் பிள்ளை வளர்ந்து சீருடைக் கூட்டத்தில் சேராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாடிழந்த அம்மையார் 1939இன் இறுதியில், தமது 69ஆம் வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைத்திருந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 பேர் வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவராயினர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள், அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளில் விடுவிக்கப்பட்டார். பிறகு போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானல் மலையில் கழித்து, அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பள்ளி நடத்தினார். இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்தே குழந்தையின் 'உறிஞ்சும் மனம்' பற்றிய அவரது நூல் 1949இல் பிறந்தது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை கற்பதில்லை, உறிஞ்சுகிறது. அதிலும் முதல் மூன்று ஆண்டுகளில் தான் உறிஞ்சுவதைத் தானே அறியாது என்பது அந்நூலின் சாரம். மணலில் எழுதிய திண்ணைகள் ஏறக்குறைய மறைந்துவிட்ட நேரத்தில், விரலின் ஞானத்தை ஓர் அயலவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் கண்ணால் கண்டதைப் பின்வந்த அறிவியல் கருவிகளால் கண்டது. முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளை, தேவைக்கு மிஞ்சிய நரம்பு இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு, பயன்படாதவற்றைப் பிறகு களைந்துவிடுகிறது என்பதைச் சிகாகோ நகர மருத்துவர் ஹட்டன்லாக்கர் 1979இல் நுண்ணோக்கியின்கீழ் எண்ணிக் காட்டினார். தாய் தன் கருப்பக் காலத்தின் கடைசி வாரங்களில் நாள்தோறும் உரக்கப் படித்த கதையை, பிறந்த சில நாட்களே ஆன சிசு பிற கதைகளினின்று பிரித்தறிகிறது என்று 1986இல் ஓர் ஆய்வு காட்டியது. மரியாவின் வாழ்த்தொலி கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய வியப்பன்று. வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கப்பட்ட இடம் எதுவுமில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண அமைந்த பகுதியொன்றை எழுத்து தன் பணிக்கு எடுத்துக்கொள்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் தெகான் விளக்கினார்.

கையைப் பற்றிய ஆய்வே நமக்கு முக்கியம். எழுத்தறியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று வழிகளில் எழுத்தைப் பழகச் செய்தனர் அமெரிக்க ஆய்வாளர்கள்: தானாகக் கையால் எழுதுதல், புள்ளிக்கோட்டின்மேல் எழுதுதல், விசைப்பலகையில் தட்டுதல். பின்பு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையைப் படமெடுத்தனர். தானாக எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்தன. 2012இல் வெளியான இது சிறிய ஆய்வுதான்; இதன்மேல் மாளிகை கட்டிவிடக் கூடாது. ஆயினும் நம் மழலையர் வகுப்புகளின் பயிற்சி ஏடுகளைத் திறந்து பாருங்கள். பக்கம் பக்கமாகப் புள்ளிக்கோடுகளே. எழுத்தை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட நன்றாகக் கூட்டிப் படித்தார்கள் என்று 2004இல் பிரான்சில் நடந்த ஆய்வு சொல்கிறது. தடவிய விரல் பிறகு வெற்று மணலில் தானாக எழுத வேண்டும். திண்ணையில் நடந்தது அதுவே.

நம் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. எழுத்துகள் 247 என்கிறோம். உயிரும் மெய்யும் அறிந்த பிள்ளைக்கு உயிர்மெய் தானாக வந்துவிடும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஆனால் 'கெ' என்று எழுதும்போது ககரத்தின் ஓசை முதலில் வருகிறது, எகரத்தின் கொம்போ அதற்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் எழுத்தின் இருபுறமும் காவல் நிற்கிறது. செவி ஒரு வரிசையைச் சொல்கிறது, கண் வேறு வரிசையைக் காண்கிறது. குறிலையும் நெடிலையும் பிரித்துக்காட்ட இரட்டைச்சுழிக் கொம்பை அமைத்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பது வழிவழிச் செய்தி. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீராக்கியபோதும் குழந்தையின் நினைவாற்றலுக்குச் சற்று இளைப்பாறுதல் கிடைத்தது. எஞ்சிய முரணைத் தீர்த்து வைக்கக் கையால்தான் முடியும். எழுதி எழுதிப் பழகிய கைக்கு, கொம்பு முன்னே நிற்பது குழப்பமாயிராது.

"ஆறு வயதுக்குள் மூளை தொண்ணூறு விழுக்காடு வளர்ந்துவிடுகிறது" என்ற செய்தி இன்று பள்ளி விளம்பரங்களில் வருகிறது. மூளையின் பருமன் அளவில் அது ஏறத்தாழ உண்மை. அறிவில் தொண்ணூறு விழுக்காடு முடிந்துபோகிறது என்பது அதன் பொருளன்று. பெற்றோரை அச்சுறுத்தவே அந்த எண் பயன்படுகிறது. அச்சத்தால் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறோம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பெரும்பாலானவை அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. நான்கு கோட்டுத் தாளில் ஆங்கில எழுத்தை அந்தக் கை இறுகப் பிடித்து எழுதுகிறது; வீட்டுப்பாடம் முடியவில்லையென்று தாய் அழுகிறாள், பிள்ளையும் அழுகிறது. ஜெரோம் எச்சரித்த கசப்பு இதுதான். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயதை ஒரே கட்டமாக்கி விளையாட்டுவழிக் கல்வியைப் பேசுகிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடக்க வகுப்புகளில் கொண்டுவந்தது. ஏட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. திருச்சபை நடத்தும் மழலையர் வகுப்புகளில் எத்தனை, பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காகவே புள்ளிக்கோட்டையும் வீட்டுப்பாடத்தையும் விடாமல் வைத்திருக்கின்றன என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்தறியாத தாயால் என்ன செய்யமுடியும் என்று சிலர் கேட்பர். சான் லொரேன்சோவின் தாய்மார்க்கும் எழுத்துத் தெரியாது. தாலாட்டும், விடுகதையும், நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது சொல்லும் கதையும் எழுத்துக்கு முந்திய பாடங்கள். செவியில் சொல் நிறைந்திராத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடுதான். பேசாத தொலைக்காட்சி இல்லை. ஆனால் பிள்ளை கேட்டால் மறுமொழி சொல்லும் தொலைக்காட்சியும் இல்லை. கைப்பேசியைப் பற்றியும் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பங்கின் மழலையர் வகுப்பில் சென்ற ஜூன் முதல் ஆற்றுமணலைச் சலித்து, விளிம்பு வைத்த மரத்தட்டுகளில் பரப்பி வைத்திருக்கிறோம். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தவர்கள் மரியாயின் சேனைப் பெண்கள். செலவு பெரிதில்லை. முதல் பெற்றோர் கூட்டத்திலேயே ஓர் இளைஞர் எழுந்தார். "சாமி, மணலில் எழுதுவதற்கா நாங்கள் கட்டணம் கட்டுகிறோம்?" என்று கேட்டார். பின்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய தந்தை, தாம் மணலில் எழுதித்தான் படித்ததாகச் சொன்னார். "அதனால்தான் அப்பா, நான் பயப்படுகிறேன்" என்றார் மகன். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டன. அந்த இளைஞரின் மகள் எங்களிடமே இருக்கிறாள். இம்மாதத் தொடக்கத்தில் அவள் தட்டில் 'கொக்கு' என்று எழுதினாள். முதல் எழுத்தின் கொம்பை மறந்து, 'காக்கு' என்று வந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையால் அழித்துவிட்டு, இம்முறை கொம்பை முதலில் போட்டாள்.